கட்டட வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்களே, வெயிலும் ஒரு காரணமா?

ஆமாம். 16 வருடமாக செங்கல்பட்டு, கேளம்பாக்கம் பக்கம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். ஆள் பஞ்சத்தையும் வெயிலையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொத்தனார், சித்தாள் எல்லோரும் விழுப்புரம், திருவண்ணாமலை ஆட்கள். மேஸ்திரி ஊருக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் காலையில் பத்துப் பேர் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். போன மாதம் அதே மேஸ்திரி சொன்னார்: "என் பையனே வரமாட்டேங்கிறான் சார். ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறான். சம்பளம் கொத்தனார் கூலியை விடக் கம்மிதான். ஆனா தலைக்கு மேல கூரை இருக்குதுல்ல?" அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மே மாதம் மத்தியானம் தளத்தில் கட்டிய கம்பியை வெறுங்கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அவன் முடிவு புரியும்.

அந்த இடத்தை நிரப்பியிருப்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துத் தம்பிகள். பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு ராத்திரி தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். பகலில் குடித்த சூட்டை அந்தத் தகரம் ராத்திரி வெகுநேரம் வரை கக்கிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டவனை மறுநாள் சாரத்தில் ஏற்றுகிறோம். ஹோலிக்கோ, சத் பூஜைக்கோ, தேர்தலுக்கோ ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஏன் திரும்ப வேண்டும்?

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். இரண்டு வருடம் முன்பு ஒரு சைட்டில் கலவை தூக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா பதினோரு மணிக்கே மயங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே தண்ணீர் கேன் இருந்தது. "ஏன்க்கா குடிக்கலை?" என்று கேட்டேன். "குடிச்சா எங்க சார் போறது?" என்றார். அந்த சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அத்தனை நாள் அங்கே நின்றும் அது என் கண்ணில் படவே இல்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குடிநீரும் கழிப்பறையும் கட்டாயமாக்கப்பட்டன. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று அதில் இருந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல விஷயம்தான், ஆனால் அது உயிர் போன பிறகு வருகிற பணம். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்களைக் கேளுங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை கூடாது. கத்தாரில் ஜூன் 1 முதலே காலை 10 முதல் மாலை 3.30 வரை கூடாது. நமக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கு இப்படி ஒரு கட்டாய விதி வேண்டும், கூலியில் கை வைக்காமல்.

"மத்தியானம் நிறுத்தினால் வேலை கெட்டுப்போகும்" என்பார்கள். உண்மையில் வெயிலில் போட்டால்தான் கான்கிரீட் கெடும். போடும்போது கலவையின் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டி மத்தியான டிராஃபிக்கில் மாட்டினால் கலவை இறுகிக்கொண்டே வரும், அதைத் தளத்துக்கு ஏற்றும் பம்ப் ஆள் தண்ணீர் ஊற்றச் சொல்வார். ஊற்றினால் பலம் குறையும். மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து அன்று சாயங்காலமே விரிசல் தெரியும்.

அதனால் இப்போது என் சைட்டில் கோடைக்காலத்தில் தளம் போடுவதை விடியற்காலை 5 மணிக்கே தொடங்கி 10 மணிக்குள் முடிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன். அப்புறம் 3.30 வரை வெளிவேலை கிடையாது. முழுக் கூலி உண்டு.

மழை வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அஸ்திவாரக் குழியெல்லாம் குளமாகி, தினக்கூலி ஆட்கள் பல நாள் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நீங்கள் சொந்த வீடு கட்டப் போவதாக இருந்தால், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒரு தற்காலிகக் கழிப்பறையும் ஒரு கீற்றுப் பந்தலும் போடச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் தனியாகக் கேட்டால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.