மச்சான் பேசி வைத்த சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

மகள் சட்டம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உங்கள் மச்சானோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். கவலை புரிகிறது. ஆனாலும் நிலத்தை அடகு வைத்து அந்த சீட்டை வாங்குவது தப்பு. தெருவில் இருக்கிற பாட்டிகளுக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்து, பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுகிற பெண்ணை நான்கு வருஷம் கோடிங் எழுத வைத்து யாருக்கு என்ன லாபம்?

வக்கீல், ஜட்ஜ், கார்ப்பரேட் வேலை பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். சட்ட ஆசிரியர் வேலையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காவல் நிலையத்திலேயே மதுரா என்ற பழங்குடிப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் நால்வரும் சட்டம் கற்பித்தவர்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டத்தால் 1983-ல் பாலியல் வன்கொடுமைச் சட்டமே திருத்தப்பட்டது. ஆக்ரா பெண்கள் காப்பகத்தின் அவலம் பற்றி பக்ஷியும் சர்க்காரும் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாகவே (அடிப்படை உரிமைக்காகப் போடும் வழக்காகவே) எடுத்துக்கொண்டது.

சட்ட ஆசிரியராக வழி இதுதான்: அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, அப்புறம் எல்.எல்.எம். என்ற முதுகலைப் படிப்பு, அதன்பின் உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. நெட்டில் சட்டம் தவிர, மனித உரிமைகளும் கடமைகளும் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்கும். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதுவரை தனியார் கல்லூரிச் சம்பளத்தில் கை கடிக்கத்தான் செய்யும்.

ஒரு சிக்கலும் உண்டு. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டால் கோர்ட்டில் வக்கீலாக வாதாட முடியாது. ஆனால் வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி இடம் கொடுக்கிறது. ஆரம்ப வருஷங்களுக்கு இதுவே நல்லது. முழுநேர ஆசிரியராகிவிட்டாலும், கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய் அவள் இப்போது செய்கிற அதே மனு வேலையைச் செய்யலாம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் கௌரவம் என்று அடுத்து யாராவது வருவார்கள். அங்கே ஒரு வருஷத்துக்குக் கட்டுகிற பணத்தில் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷமும் முடித்துவிடலாம். உதவித்தொகை கிடைத்தால் பார்க்கலாம். கடன் வாங்கி வேண்டாம். மச்சானிடம் நாளைக்கே முடியாது என்று சொல்லிவிட்டு, அரசு சட்டக் கல்லூரிகளுக்குச் சேர்க்கை நடத்தும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை அவளையே நிரப்பச் சொல்லுங்கள்.