ஹட்யாயிலிருந்து ஒரு பாட்டில் எண்ணெய்: மகளின் வலிப்புக்கு வாங்கி வரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சிறு வயதிலிருந்தே வலிப்பு. இரண்டு மருந்து கொடுத்தும் வாரத்தில் பல தடவை வந்துவிடுகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் கொடுத்தால் குறையும் என்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு என் தம்பி குடும்பத்தோடு காரில் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போகிறான். அங்கே கடையில் 10 மில்லி பாட்டில் கிடைக்குமாம், வாங்கி வருகிறேன் என்கிறான். "200 கிராமுக்குக் குறைந்தால் கேஸ் இல்லை, சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத மருந்து கொண்டுவரலாம், வேப் திரவத்தையே விட்டுவிட்டார்கள், இதற்கென்ன" என்பது அவன் வாதம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா, தன்னிடம் மிச்சமிருக்கும் பாதி பாட்டிலைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். எதை வாங்கிக்கொள்வது?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் சொன்ன மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த 200 கிராம். மலேசியாவின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் 1952-இன்படி ஒருவரிடம் 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா இருந்தால், அவர் கடத்தினார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. அதன் பொருள் அவ்வளவுதான். அதற்குக் குறைந்தால் கடத்தல் இல்லை என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. கடத்தல் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2-ஐப் படித்துப் பாருங்கள்: இறக்குமதி செய்வது, கொடுப்பது, பெறுவது, வைத்திருப்பது, ஏற்றிச் செல்வது எல்லாம் அதில் வருகின்றன. இன்னொருவர் உடலில் மருந்துபோல் செலுத்துவதும் வருகிறது. உங்கள் தம்பி புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டும் அந்த நிமிடமே அது இறக்குமதி. கடத்தலுக்கான பிரிவு 39பி-இன் கீழ் குற்றச்சாட்டு வந்தால் மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை, நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். நோயாளிக் குழந்தைக்கு ஒரு சின்ன பாட்டில் என்பதைப் பார்த்து, அரசுத் தரப்பு பிரிவு 6-இன் கீழ் வெறும் வைத்திருந்த குற்றமாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் 5 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையில். உங்கள் தம்பி கையில் இல்லை.

இன்னொன்று, பாட்டில் தன் பையில் இருந்தது தனக்கே தெரியாது என்றும் எளிதில் சொல்ல முடியாது. பிரிவு 37(டி) பொருள் யார் வசம் இருந்ததோ அவருக்கு அது தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். காரின் பின் இருக்கையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, சாவடியில் அந்த விசாரணை நடப்பதை அவரே நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு மாத மருந்து விஷயம். மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் 1984-இல் அப்படி ஒரு சலுகை உண்டு. தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ ஒரு மாதத்துக்கு மேற்படாத மருந்தைப் பயணத்தில் கையோடு கொண்டுவரலாம். ஆனால் அது சாதாரண மருந்துகளுக்கு. போதைப்பொருள் சட்டம் அதற்கு மேல் தனியாக நிற்கிறது. இந்தச் சலுகை அந்தக் கதவைத் திறக்காது.

வேப்பைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. 2023 மார்ச் 31-இல் அரசிதழ் ஆணை ஒன்றால் அதை வெளியே எடுத்தார்கள். 2024 அக்டோபர் 1-இல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) நடப்புக்கு வரும் வரை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, 18 வயதாகாத பிள்ளைக்கு வேப் விற்காதே என்று தடுக்க ஒரு கூட்டரசுச் சட்டமும் இல்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்தத் தளர்வைப் பார்த்து, எல்லாமே தளர்ந்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். கஞ்சா இருப்பது வேறு சட்டத்தில். அங்கே அப்படி எந்த விலக்கும் வரவில்லை. தாய்லாந்து 2022 ஜூன் 9-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதும், 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியதும் அந்த நாட்டுக்கு. அங்கே பாட்டிலில் "டிஎச்சி 0.2 சதவீதத்துக்குக் கீழ்" என்று போட்டிருப்பார்கள் (டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள்). நம் சட்டத்தில் அப்படி ஓர் அளவுகோல் கிடையாது.

குழுவில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் சொல்லுங்கள். காசு வாங்கவில்லை என்பது அவரைக் காப்பாற்றாது. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் மாட்டுவார்கள். நல்ல மனசோடு எழுதிய அந்தச் செய்தியே நாளைக்குச் சாட்சியாக நிற்கும்.

சரி, மகளுக்கு என்னதான் செய்வது? சிபிடிக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பு வதந்தி இல்லை. டிராவே என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பேரிடம், பெரும்பாலும் குழந்தைகள், நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. சிபிடி மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 என்றிருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9-ஆகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் எடுத்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனதோடு சரி. அந்த மருந்தை அமெரிக்கா 2018-இல் டிராவே, லென்னாக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு நோய்களுக்கு அங்கீகரித்தது. எல்லா வலிப்புக்கும் அல்ல.

அந்த ஆய்வில் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். உங்கள் மகள் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 500 மில்லிகிராம். கடையில் விற்கும் 5 சதவீத எண்ணெய் 10 மில்லி பாட்டில் முழுவதிலும் இருப்பது அதே 500 மில்லிகிராம். தம்பி சிறை வரைக்கும் துணிந்து கொண்டுவருவது ஒரே ஒரு நாள் மருந்து! அதுவும் லேபிள் உண்மையாக இருந்தால். அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதித்ததில், லேபிளில் போட்ட அளவோடு ஒத்துப்போனவை 26 மட்டுமே. 18-இல் போதை தரும் டிஎச்சியும் இருந்தது. அதோடு, மகள் இப்போது சாப்பிடும் மருந்தில் குளோபசாமோ வால்புரோவேட்டோ இருந்தால், சிபிடி சேரும்போது முன்னதில் மயக்கம் கூடும், பின்னதில் கல்லீரல் பாதிக்கப்படலாம். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து இது. இதற்கு மேல் மருத்துவர்தான் பேச வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்ட பாதை ஒன்று இருக்கிறது. கஞ்சா கலந்த மருந்தென்றாலும், போதிய அறிவியல் சான்றோடு பதிவு பெற்று, பதிவுபெற்ற மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பயன்படுத்தலாம் என்று 2021-இல் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். உயிருக்கு ஆபத்தான நோய்க்கு, இங்கே பதிவாகாத மருந்தைச் சிறப்பு அனுமதியோடு தருவிக்கவும் விதிமுறையில் இடமுண்டு. மனு போட வேண்டியது சிகிச்சை தரும் மருத்துவர், மருத்துவமனை வழியாக. கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அதனால் குழந்தைகள் நரம்பியல் நிபுணரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு வலிப்புக்கும் தேதி, நேரம், எத்தனை நிமிடம், அன்றைக்கு எந்த மருந்து எவ்வளவு. முடிந்தபோது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். இது எந்த வகை வலிப்பு, மரபணுச் சோதனை தேவையா, மூன்றாவது மருந்து ஏதாவது பார்க்கலாமா என்று கேளுங்கள். அப்புறம் சிபிடியைப் பற்றியும் ஒளிக்காமல் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, அதற்காக எந்த மருத்துவரும் போலீசைக் கூப்பிடப் போவதில்லை. ஏற்கெனவே ஏதாவது கொடுத்துப் பார்த்திருந்தால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் பேசுங்கள். சாட்சியச் சட்டம் 1950-இன் பிரிவு 126-இன்படி, சட்ட ஆலோசனைக்காக நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. பாட்டிலை மட்டும் அலுவலகத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சிறப்பு அனுமதிக்கு மனு போட்டு நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி மருத்துவமனை வழியாகக் கேளுங்கள். மருத்துவரின் கடிதமும் அந்தப் பதிலும் இருந்தால் மேல்முறையீடாக எழுதலாம், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோகலாம். அந்தக் கடிதத்தை எழுத நான் கட்டணம் வாங்கமாட்டேன்.