ஏஐ கோடிங் ஏஜென்ட்டிடம் முதலில் எந்த வேலையைக் கொடுப்பது?

டெவலப்மென்ட் வேலைகளை ஏஐ ஏஜென்ட் வைத்து ஆட்டோமேட் செய்யச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். டெமோ வீடியோ பார்த்துவிட்டு வந்த மேனேஜர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்று ஊகிக்கிறேன்.

எந்தக் கருவி என்பது இரண்டாம்பட்சம். கிளாட் கோட், கோடெக்ஸ், ஓப்பன்ஹேண்ட்ஸ் எல்லாவற்றிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஃபைலைப் படிக்கும், திருத்தும், கமாண்டை ஓட்டும், வந்த எர்ரரைப் பார்த்து மறுபடி திருத்தும். அதனால் முடிந்ததா இல்லையா என்று ஒரே கமாண்ட் சொல்லிவிடக்கூடிய வேலையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். "லாகின் பக்கத்தை நன்றாக்கு" என்று கொடுத்தால், "நன்றாக்கிவிட்டேன்" என்று பதில் வரும். சரிபார்க்க வழியே இல்லை.

பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய சர்வீஸ் இருந்தால், வரும் டேட்டாவைச் சரிபார்க்கும் பைடான்டிக் லைப்ரரியைப் பதிப்பு 1-இலிருந்து 2-க்கு மாற்றுவது நல்ல தொடக்கம். டிக்ட் மெத்தட் மாடல்_டம்ப் ஆகும், வேலிடேட்டர் ஃபீல்டு_வேலிடேட்டர் ஆகும், ஓஆர்எம்_மோட் போய் ஃப்ரம்_ஆட்ரிபியூட்ஸ் வரும். பெயர் மாற்றத்துக்கு பம்ப்-பைடான்டிக் என்ற கருவியே இருக்கிறது. முதலில் அதை ஓட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஏஜென்ட்டிடம் விடுங்கள், மாடலுக்குக் கட்டும் டோக்கன் காசு மிச்சமாகும்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பழைய பதிப்பில் ஒரு ஃபீல்டை ஆப்ஷனல் என்று எழுதினாலே போதும், மதிப்பு வராவிட்டால் காலி என்று எடுத்துக்கொள்ளும். புதியதில் டிஃபால்ட்டை நீங்களே எழுதாவிட்டால் அந்த ஃபீல்டு கட்டாயம். ஸ்ட்ரிங் ஃபீல்டுக்கு 641001 என்று பின்கோடு எண்ணாக வந்தால் பழையது தானே மாற்றிக்கொள்ளும், புதியது எர்ரர் போடும். உங்கள் டெஸ்ட்டுகள் எல்லா ஃபீல்டையும் ஒழுங்காக நிரப்பி அனுப்புபவையாக இருந்தால் ஏஜென்ட்டுக்கு எல்லாம் பச்சை. புரொடக்ஷனில் பழைய மொபைல் ஆப் அனுப்பும் ரெக்வெஸ்ட்டுக்கு 422, அதாவது டேட்டா சரியில்லை என்ற எர்ரர். ஆகவே ஏஜென்ட்டைக் கூப்பிடும் முன், உண்மையில் வந்த ரெக்வெஸ்ட்டுகளில் வகைக்கு ஒன்றாக எடுத்து, பெயர், போன் எண் போன்றவற்றை மாற்றிவிட்டு, பழைய பதிப்பு தரும் பதிலையும் சேர்த்து டெஸ்ட்டாக எழுதி வையுங்கள். மொத்த வேலையில் பெரிய பங்கு இதுதான். இதை ஏஜென்ட் தலையில் கட்டாதீர்கள்.

ஏஜென்ட்டை டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டி, டெஸ்ட் ஃபோல்டரை அதில் ரீட்-ஒன்லியாக, படிக்க மட்டும் முடியும்படி மவுன்ட் செய்யுங்கள். "டெஸ்ட்டுகள் பாஸ் ஆக வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அஸெர்ட்டை (விடையைச் சரிபார்க்கும் வரியை) நீக்குவது, ஸ்கிப் போடுவது, எக்ஸெப்ஷனை விழுங்குவது எல்லாமே அதற்கு வழிதான். முதல் இரண்டையும் மவுன்ட் பெரும்பாலும் தடுக்கும், மூன்றாவதற்கு டிஃபில் (மாறிய வரிகளின் பட்டியலில்) புதிதாக வந்த எக்ஸெப்ட் வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். டிஃப் 300 வரியைத் தாண்டினால் வேலையைப் பிரியுங்கள். அதற்கு மேல் யாரும் உண்மையாக ரிவ்யூ செய்வதில்லை, ஸ்க்ரோல் செய்கிறார்கள்.

ஹோம் டைரக்டரியை மவுன்ட் செய்யாதீர்கள். எஸ்எஸ்ஹெச் கீயும் கிளவுட் கீயும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ரெப்போவுக்கு (கோட் களஞ்சியத்துக்கு) மட்டும் செல்லும் அணுகல் டோக்கன் கொடுத்து, மெயின் பிராஞ்சுக்குப் பாதுகாப்பு போடுங்கள். நெட்வொர்க்கை முழுதாக அடைக்க முடியாது, மாடலைக் கூப்பிடவே நெட் வேண்டும். மாடல் ஏபிஐ, பேக்கேஜ் மிரர், ரெப்போ இருக்கும் கிட் சர்வர் மூன்றை மட்டும் பிராக்ஸியில் அனுமதித்தால் போதும். ஏஜென்ட் படிக்கும் இஷ்யூவிலோ ரீட்மீயிலோ யாராவது கட்டளையை ஒளித்து வைத்திருந்தால், அதையும் உங்கள் பேச்சாக நினைத்துச் செய்துவிடக்கூடும்.

டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட்டை, சுருக்கமான ட்ரேஸ்பேக்குடன் (எர்ரர் விவரத்துடன்), முதல் தோல்வியிலேயே நிற்கும்படி ஓட்டச் சொல்லுங்கள். முழு லாகையும் கொட்டினால் கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் அளவு) நிரம்பி, நீங்கள் முதலில் சொன்ன விதிகளே சுருக்கத்தில் காணாமல் போகும். ஒரே எர்ரர் மூன்று முறை வந்தால் நிறுத்திவிட்டு, புது செஷன் தொடங்குவது மேல்.

"நாங்கள் முழு ஆப்பையே ஒரு நாளில் முடித்தோம்" என்று வரப்போகிறவர்களுக்கு: புது ஆப் வேறு, பத்து வருடக் கோட் வேறு. 2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட சோதனையில், அனுபவமுள்ள 16 ஓப்பன்சோர்ஸ் டெவலப்பர்கள் தங்களுக்குப் பழகிய ரெப்போக்களில் 246 வேலைகள் செய்தார்கள். ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது, அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். அது பெரும்பாலும் கர்சர் என்ற ஏஐ எடிட்டர் வைத்துச் செய்தது, முழுத் தானியங்கி ஏஜென்ட் அல்ல. இன்றைய மாடல்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல வரவில்லை. நேரத்தை நீங்களே அளக்காமல் "வேகமாகிவிட்டது" என்று ரிப்போர்ட் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்று. ஏஜென்ட் வந்ததும் எஸ்டிமேட்டைப் பாதியாக்குகிறார்கள், ரிவ்யூ நேரத்தை மட்டும் எந்த ஸ்பிரின்ட்டிலும் டிக்கெட்டாகப் போட விடுவதில்லை. ஏஜென்ட் காலையில் ஆறு பிஆர் (ரிவ்யூவுக்கான மாற்றக் கோரிக்கை) திறந்து வைக்கும். அதைப் படிக்கிற சீனியரின் வேலை எங்கேயும் கணக்கில் வராது, அப்ரைசலில் "இந்தக் குவார்ட்டரில் நீங்கள் கோடே எழுதவில்லையே" என்று கேள்வி மட்டும் வரும். முதல் டிக்கெட்டைத் திறக்கும்போதே ரிவ்யூவுக்குத் தனி டிக்கெட், தனி மணிநேரம் கேட்டு வாங்கிவிடுங்கள்.