மருந்துச் சோதனைப் பதிவுகளில் ஊதியப் பணி, ஊதியமில்லாப் பணி என்று பிரிப்பது எதற்காக?

இப்பிரிவு, சோதனையில் பங்கேற்பவருக்குப் பணம் தரப்படுகிறதா என்பதைப் பற்றியதன்று. நோய் அவருடைய அன்றாட உழைப்பை எவ்வளவு பறித்தது என்பதை அளப்பதற்கானது. நோயால் வேலையும் அன்றாடச் செயல்களும் எவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்று அளக்க 1993இல் வெளியான டபிள்யூபிஏஐ (WPAI) வினாத்தாளின் முதல் கேள்வியே சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்களா என்பதுதான். இல்லை என்பவர், வேலைநேர இழப்பு பற்றிய கேள்விகளைத் தாண்டி, கடந்த 7 நாள்களில் வீட்டுவேலை, குழந்தை பராமரிப்பு, படிப்பு போன்றவை எவ்வளவு பாதிக்கப்பட்டன என்று கேட்கும் ஆறாவது கேள்விக்கு நேரே சென்றுவிடுவார். ஆகவே அங்கே ‘பணியில் இல்லை’ என்பதற்குச் சம்பள வேலை இல்லை என்பதே பொருள், உழைக்கவில்லை என்பதன்று. ஒற்றைத் தலைவலிக்கான மைடாஸ் வினாத்தாளோ, 3 மாதங்களில் வேலைக்கோ பள்ளிக்கோ செல்லாத நாள்களோடு வீட்டுவேலை செய்ய இயலாமற்போன நாள்களையும் ஒரே மதிப்பில் கூட்டுகிறது. எனக்கு இதுவே நேர்மையான கணக்காகப் படுகிறது, ஏனெனில் அடுப்பு மூட்ட முடியாமல் ஒருவர் படுத்துக்கிடந்த நாளும் இழந்த நாள்தான்.