வாய் உலர்வுக்குக் காசு செலவழிக்கும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு ஷோகிரன் நோய் என்று கோவையில் சொன்னார்கள். தேயிலை பறிக்கப் போகிறார். வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்வதால் எப்போதும் ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டே இருப்பார், இப்போது பல்லும் சொத்தை. செயற்கை உமிழ்நீர் ஸ்பிரே வாங்கினோம், அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இன்னும் விலை கூடியதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரே வாயை நனைத்து வழவழப்பாக்கும், அவ்வளவுதான், எந்த விலைக்கு வாங்கினாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பேசும் முன், சாப்பிடும் முன் அடித்துக்கொள்ள இருப்பதே போதும். ராத்திரிக்கு மட்டும் ஜெல் வாங்குங்கள், அது கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும்.

முதல் காசு பல்லுக்குப் போகட்டும். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. அமிலத்தைக் கழுவி, பல்லுக்குக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த எச்சில் குறைந்துவிட்டதால்தான் ஈறோரத்திலிருந்து மளமளவென்று சொத்தை விழுகிறது. கடையில் பேஸ்ட் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு சேர்த்த பேஸ்ட் என்றால் அது எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று டியூபிலும் அட்டையிலும் போட வேண்டும், 1000-க்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த 1000-ஐ ஒட்டி இருப்பதை எடுங்கள், ஃபுளோரைடே இல்லாத மூலிகை பேஸ்ட் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். வாய் எரிகிறது என்றால் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாததாகத் தேடுங்கள். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது, எந்த ஸ்பிரேயையும்விட உருப்படியான செலவு.

அப்புறம் அந்த மிட்டாய். எச்சில் இல்லாத வாயில் நாள் முழுக்கச் சர்க்கரை ஊறினால் எந்தப் பேஸ்ட்டாலும் காப்பாற்ற முடியாது, இதை அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதிலுக்கு சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் கொடுக்கலாம், சுரப்பியில் மிச்சம் இருக்கும் எச்சிலை மெல்லுவது வரவழைக்கும். ஆனால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட எலுமிச்சைச் சுவை மிட்டாயில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும், அது பல்லை அரிக்கும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் அதன் வாய்க்கு எட்டவே கூடாது, உயிருக்கே ஆபத்து. தோட்டத்துக்கு ஒரு நல்ல எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுங்கள், நீலகிரியில்தான் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையாயிற்றே, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. மடக்கு மடக்காக அடிக்கடி குடிக்கட்டும். நம்மூர் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை வெறும் வாயில் மெல்ல முடியாது, டீயில் தோய்த்துச் சாப்பிடட்டும், ஆனால் டீ சர்க்கரை இல்லாமல், முடிந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட வேண்டும்.

ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், ஊட்டிக் கடைகளில் விற்கிற கிராம்புத் தைலம் இதெல்லாம் காய்ந்த வாயில் படவே வேண்டாம். குளிருக்குச் சளி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவற்றில் பல வாயை இன்னும் உலர்த்தும். எச்சில் சுரக்க வைக்கும் பைலோகார்பின் மாத்திரை உண்டு, ஆனால் ஆஸ்துமாவோ சிலவகைக் கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்கு ஆகாது, மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். நாக்கு சிவந்து எரிந்தால், வெள்ளைப் படலம் கண்டால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். காதுக்குக் கீழே வீக்கம் வந்து வற்றாமல் இருந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் கோவைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். எனக்கும் இதே நோய். 'ஆட்டோ இம்யூன் நோயை வேரோடு அறுக்கும்' என்ற பொடியை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்கள். கம்பெனி வடநாட்டில் இருக்கிறது, என்ன செய்ய?

பதில்: இந்த நோயை வேரோடு அறுக்கும் மருந்து இன்றுவரை இல்லை, ஆகவே அந்த விளம்பரம் பொய். முதலில் 1915-க்கு போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குத் திண்டுக்கல், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொடி டப்பா, பில், பணம் போனதற்கான மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள், விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொடியை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தால், வழக்கு அப்புறம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.