சான்றிதழ் எடுத்தால் கணினி வேலை கிடைக்குமா? சில கேள்விகளும் பதில்களும்

வேறு தொழில்களில் இருந்துகொண்டு கணினித் துறைக்கு மாற எண்ணும் திருகோணமலை மாவட்டத்தவர் சிலர் கேட்ட கேள்விகள் கீழே உள்ளன. வலையமைப்புப் பணியில் நீண்ட காலம் இருப்பவன், நேர்முகப் பரீட்சைகளில் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உப்புவெளியில் ஏழு வருடமாகக் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன், அண்ணா. வலையமைப்புப் பணிக்கான சிசிஎன்ஏ சான்றிதழ் எடுத்தால் வேலை உறுதியா? கட்டணத்தைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது.

உறுதி இல்லை, தம்பி. சிஸ்கோ நிறுவனத்தின் அந்தப் பரீட்சைக்கு 300 டொலர் கேட்கிறார்கள். டொலர் 300 ரூபாயளவில் நிற்கும்போது அது 90,000 ரூபாய், தவறினால் மீண்டும் அதே தொகை. 2020 பெப்ரவரியிலிருந்து அது 120 நிமிடப் பரீட்சை ஒன்றாக நடக்கிறது. சித்தியடைந்தாலும் 3 வருடங்களுக்கே செல்லுபடியாகும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், கணினித் திரையிலேயே வலையமைப்பை அமைத்துப் பழக அதே நிறுவனம் இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் ஆறு மாதமாவது கை பழகுங்கள்.

ஒருமுறை ஆள் தெரிவின்போது மேசையில் ஒரு மடிக்கணினியை வைத்து, "இதில் இணையம் வரவில்லை, ஏன்?" என்று கேட்டோம். அதன் முகவரி 192.168.10.70, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று வகுக்கும் எண்) 255.255.255.192, கேட்வே (அந்த வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வாசல்) 192.168.10.1. சான்றிதழோடு வந்தவர் கேபிளைக் கழற்றி மாட்டினார், கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினார், பின்னர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எந்தச் சான்றிதழும் இல்லாத, வானொலி திருத்தும் கடையில் வளர்ந்த இளைஞரோ ஒரு தாளை எடுத்து, அந்த மாஸ்க் வகுக்கும் 64 முதல் 127 வரை கோடு கிழித்து, "70 இந்த வேலிக்குள் நிற்கிறது; 1 வேலிக்கு வெளியே. எங்கள் வளவின் படலையைப் பக்கத்து வளவில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்" என்றார். அவரையே எடுத்தோம்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்த இளைஞரை எனக்கு முன்பே தெரியும் என்பதால்தான் அவர் அந்த அறைக்குள் வந்தார். விண்ணப்பங்களைப் பிரித்த எழுதுவினைஞர் அவருடையதை வேண்டாமென ஒதுக்கியவற்றோடு போட்டிருந்தார். உங்களை அறியாத ஒருவர் உங்கள் விண்ணப்பத்தை ஒதுக்காமல் இருப்பதற்குத்தான் சான்றிதழ் உதவுகிறது, உள்ளே போன பிறகு அது பேசாது. பழுதைத் தேடிப் பிடிக்கும் கை உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், மாற நினைக்கும் பலரைவிட உங்களுக்கு இந்தச் செலவு பயன் தரும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நிலாவெளி விடுதி ஒன்றில் வரவேற்பாளராக இருக்கிறேன். நிரல் எழுதும் ஆர்வம் இல்லை. எனக்குப் பொருத்தமான சான்றிதழ் உண்டா?

மென்பொருளில் பழுது தேடும் வேலையான மென்பொருள் சோதனையைப் பாருங்கள், தங்கச்சி. அதற்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபியின் அடிப்படைப் பரீட்சையில் 40 கேள்விகள், 60 நிமிடம். 26 சரியானால் சித்தி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுவோருக்கு 15 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுப் பெறுங்கள். இந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை.

ஆனால் உங்கள் மூலதனம் அந்தத் தாள் அன்று. 31ஆம் திகதி இரவு வந்து 1ஆம் திகதி அதிகாலை புறப்படுபவரின் கட்டணம் எந்த மாதக் கணக்கில் விழும், ஒரே அறை இரண்டு முகவர் வழியாக ஒரே நிமிடத்தில் பதிவானால் என்ன நடக்கும் என்பவற்றை நீங்கள் வாடிக்கையாளரின் கோபத்திலிருந்தே கற்றிருப்பீர்கள். முன்பதிவு மென்பொருளில் வரும் அப்படியான ஐந்து பழுதுகளை, எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினால் அவை தோன்றும் என்பது உட்பட எழுதி, விருந்தினர் பெயர்களையும் விடுதியின் பெயரையும் நீக்கிவிட்டு, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

கேள்வி: மூதூரில் கணித ஆசிரியராக இருக்கிறேன். கிளவுட் எனும் இணையவழிக் கணினிச் சேவை பற்றிய அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் சான்றிதழ் போதுமா?

போதாது, சேர். 100 டொலர் கட்டி 90 நிமிடத்தில் 65 கேள்விகளுக்குப் பதில் தரும் அந்தப் பரீட்சை, துறையின் சொற்களை அறிந்தவர் என்று காட்டுமேயொழிய வேலை தெரிந்தவர் என்று காட்டாது. கணிதம் கையில் இருக்கையில் தரவுப் பக்கம் போவது நல்லது; அங்கே முதலில் தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள், சான்றிதழைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 43 வயது, கிண்ணியாவில் எழுதுவினைஞர். அரச துறையிலேயே கணினிப் பதவிக்கு மாற இவை உதவுமா?

அங்கே அந்தப் பதவியின் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதியுள்ள தகைமையும் வயதெல்லையும்தான் கணக்கு. அதைக் கையில் எடுத்து வாசிக்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: பரீட்சையில் வரும் வினாக்களையே விடையோடு விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அகப்பட்டால் நிறுவனம் சான்றிதழை இரத்துச் செய்யலாம், மீண்டும் எழுதவும் தடை விதிக்கலாம். அகப்படாவிட்டால், மேலே சொன்ன மடிக்கணினியின் முன்னால் நிற்க வேண்டி வரும்.

கேள்வி: கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே எழுத முடியுமா?

பல பரீட்சைகளை எழுதலாம். தொடங்குமுன் அறையையும் மேசையையும் படமெடுத்துக் காட்ட வேண்டும், தொலைபேசி எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், அறைக்குள் வேறு எவரும் நுழையக் கூடாது. அம்மா தேநீரோடு கதவைத் திறந்தாலே பரீட்சையை நிறுத்திவிடக்கூடும். அவவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.