மெக்கன்சி என்ற பெயர் கொண்ட பிரபலங்கள் யார் யார்? எல்லோரும் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம் இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு குலத்தலைவரின் கையில் இருந்தது. அவர் நிலத்தில் பயிர் செய்து, அவர் கூப்பிட்டால் வாளெடுத்துப் போனவர்களில் பலர் அவருடைய பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆகவே ரத்த சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பேர் மெக்கன்சி ஆனார்கள். மேற்குக் கரையில் இருக்கும் கின்டெயில்தான் இவர்களின் பழைய மண். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஸ் தீவும் இந்தக் குலத்தலைவர்களின் வசம் வந்தது.

அந்தத் தீவின் துறைமுக ஊர் ஸ்டோர்னோவே. சின்ன ஊர்தான். ஆனால் பத்து வருட இடைவெளியில் அங்கே பிறந்த இரண்டு மெக்கன்சிகள், உலகின் இரண்டு மூலைகளில் வரைபடம் போட்டார்கள்.

மூத்தவர் காலின் மெக்கன்சி, 1754-ல் பிறந்தவர். ஊரில் சுங்க அதிகாரியாக இருந்துவிட்டு 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை அளக்கும் வேலை அவரிடம் வந்தது. நிலத்தை அளந்ததோடு அவர் நிற்கவில்லை. போன இடமெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, நாணயம், கோயில் கதை, பாளையக்காரர் வம்சாவளி என்று திரட்டினார். கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,000-க்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது, உள்ளூர் மொழிகளில் அவருக்குப் புலமை கிடையாது. காவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசி, எழுதி, மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். போரய்யாவுக்குத் தான் பட்ட நன்றிக்கடனை மெக்கன்சியே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் 'மெக்கன்சி சுவடிகள்' என்ற பெயரில் பாதி காவலி சகோதரர்களுக்குப் போக வேண்டும். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் (நில அளவைத் துறைத் தலைவர்) ஆனார். 1821-ல் இறந்தார், கல்லறை கொல்கத்தாவில். சுவடிகளில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. கொங்கு வரலாறோ பாளையப்பட்டு வரலாறோ படிப்பவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது.

இளையவர் அலெக்சாண்டர் மெக்கன்சி, 1764-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், அப்புறம் கனடாவில் மென்மயிர் வணிகத்தில் சேர்ந்தார். பசிபிக் கடலுக்கு வழி கிடைக்குமா என்று 1789-ல் ஒரு பெரிய ஆற்றோடு படகில் போனார். அது அவரை ஆர்க்டிக் பெருங்கடலில் கொண்டுபோய் விட்டது! அந்த ஆறுதான் இன்றைய மெக்கன்சி ஆறு. அதன் கரையில் வாழும் டெனே மக்கள் அதை டே சோ என்கிறார்கள். விடாமல் 1793-ல் மறுபடி கிளம்பி, மலைகளைக் கடந்து பசிபிக் கரையை எட்டி, தன் பெயரையும் தேதியையும் ஒரு பாறையில் எழுதி வைத்துவிட்டுத் திரும்பினார். இங்கேயும் வழி தெரிந்தவர்கள் பழங்குடி வழிகாட்டிகள்தான். கடைசிக் காலத்தில் ஸ்காட்லாந்து திரும்பி அவர் மணந்த பெண்ணின் பெயர் கெடஸ் மெக்கன்சி!

கனடாவில் இன்னும் இரண்டு பேர். ஸ்காட்லாந்தின் டண்டீ பக்கத்திலிருந்து போன வில்லியம் லயன் மெக்கன்சி பத்திரிகை நடத்தி அதிகாரத்தில் இருந்தவர்களைக் கிழித்தார். 1826-ல் எதிராளிகள் அச்சகத்தில் புகுந்து அச்செழுத்துகளை ஏரியில் கொட்டினார்கள். அவர் வழக்குப் போட்டு 625 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். 1834-ல் டொராண்டோவின் முதல் மேயர், 1837-ல் ஆயுதக் கிளர்ச்சியின் தலைவர், தோற்றபின் அமெரிக்காவில் தஞ்சம். அவர் மகள் வயிற்றுப் பேரன் மெக்கன்சி கிங், கனடாவில் அதிக காலம் பிரதமராக இருந்தவர். இன்னொருவர் கல்தச்சராக வேலை பார்த்து, 1873-ல் கனடாவின் இரண்டாவது பிரதமரானவர். சர் பட்டம் வேண்டாம் என்று மறுத்தவர். இவர் பெயரும் அலெக்சாண்டர் மெக்கன்சிதான்.

ஸ்காட்லாந்திலேயே இருந்தவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ஜார்ஜ் மெக்கன்சி. 17-ஆம் நூற்றாண்டில் அரசின் தலைமை வழக்கறிஞர். மன்னரின் மதக் கொள்கையை எதிர்த்தவர்களை வதைத்ததால் மக்கள் அவரை 'ரத்த மெக்கன்சி' என்றார்கள். எடின்பரோவில் அவர் முன்னின்று உருவாக்கிய வழக்கறிஞர் நூலகம்தான் பின்னால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு அடித்தளம். எப்படிப்பட்ட ஆள் பாருங்கள்.

இணையத்தில் தேடும்போது ஒரு சிக்கல்: அலெக்சாண்டர் மெக்கன்சி என்று மட்டும் போட்டால் பயணியும் பிரதமரும் கலந்து வருவார்கள். பயணி 1820-ல் இறந்துவிட்டார், பிரதமர் பிறந்ததே 1822-ல். ஆண்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.